பாண்டும் சலங்கையும்: யாழ்ப்பாணப் பாடசாலைகளின் ஒரு வருடம்

தைப்பொங்கல் கழிந்த நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த வீதியால் போனாலும் எங்கிருந்தோ ட்றம் சத்தம் கேட்கும். வாடைக் காற்று இன்னும் ஓயாத பருவம் என்பதால் சத்தம் தோட்டங்களைத் தாண்டி வரும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பிள்ளைகள் பழகுகிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். ஐம்பது வருடங்களுக்கு முன்னரும் இதே மாதத்தில் இந்தச் சத்தம் கேட்டது. ஆனால் அன்று அது கேட்ட இடங்கள் குறைவு. பெரும்பாலும் மிஷன் கல்லூரிகள், அவற்றைப் பார்த்துத் தாமும் தொடங்கிய சில இந்துக் கல்லூரிகள். இன்று நகரக் கல்லூரிகளோடு வடமராட்சி, தென்மராட்சிக் கிராமப் பாடசாலைகளிலும் பாண்ட் உண்டு. முன்பள்ளிச் சிறுவர்கள்கூடத் தொப்பியும் பட்டியும் அணிந்து சிறு மேளங்களை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

இந்தக் கலை வந்த வழி தெளிவானது. 1816-இல் வெஸ்லியன் மிஷனரிமார் தொடங்கிய பள்ளி பின்னர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியானது. 1823-இல் இங்கிலாந்துத் திருச்சபைக்காரர் தொடங்கியது பரி. யோவான் கல்லூரியானது. 1850-இல் கத்தோலிக்கர் தொடங்கியது புனித பத்திரிசியார் கல்லூரி. ஆங்கிலப் பாடசாலை முறை இங்கு வந்தபோது இல்லங்களும் அணிநடையும் கூடவே வந்தன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி, ஒவ்வோர் அடியும் முப்பது அங்குலம் என்பது பிரித்தானியப் படையின் நடைக் கணக்கு. நம் பிள்ளைகள் படையைப் பாராமலே அந்தக் கணக்கில் நடக்கப் பழகினார்கள். யார் கணக்கு மீற்றர்க் கணக்காகியது, 100 யார் ஓட்டம் 100 மீற்றர் ஓட்டமாகியது. நடையின் கணக்கு மட்டும் மாறவில்லை.

வாத்தியங்கள் மாறின. அன்றைய ட்றம் தோலால் கட்டப்பட்டது. பக்கத்தில் கயிறு, கயிற்றை இறுக்கத் தோற்பட்டை. தை மாசிப் பனியில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். காலையில் பழக வேண்டுமென்றால் முதலில் ட்றம்களை வெயிலில் வரிசையாக வைப்பார்கள். வெயில் போதாத நாளில் ஓலை கொளுத்தி அனலில் காட்டுவதும் உண்டு. தோல் கிழிந்தால் தவிலுக்குத் தோல் கட்டுகிற கையே பாண்டுக்கும் கட்டிக் கொடுத்தது. சீமை வாத்தியமும் கோயில் வாத்தியமும் ஒரே திண்ணையில் பழுது பார்க்கப்பட்ட காலம் அது. இன்று பிளாஸ்டிக் முகப்பு. பனியோ மழையோ அதற்கு ஒன்றுதான். திருகாணியைச் சாவியால் இறுக்கினால் சுருதி நிற்கும், காத்திருப்பு இல்லை. இது ஆதாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் வெயிலில் வைத்த ட்றம்மைத் தட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் காயவேணும்” என்று சொல்லப் பழகிய காது, தான் அடிக்கப்போகும் ஒலி எதுவென்பதை அடிக்குமுன்னரே அறிந்திருந்தது.

ஊதுவாத்தியத்திலும் இதே கதைதான். அன்று பல பாடசாலைகளில் இருந்தது பியூகிள். அதில் அழுத்துவதற்குக் கட்டை கிடையாது. உதட்டின் இறுக்கத்தால் மட்டும் ஐந்து சுரம்வரை எடுக்கலாம். அந்த ஐந்துக்குள் அடங்கும் மெட்டுத்தான் வாசிக்க முடியும். கூடவே புல்லாங்குழலோ ரெக்கோடரோ இருந்தால் மெட்டு கொஞ்சம் விரியும். நாங்கள் அன்று அதிகம் கேட்டது ‘கேணல் போகி’ என்ற நடை. 1914-இல் ஒரு பிரித்தானிய இராணுவ இசைஞர் அமைத்தது. கித்துல்கலவில் படமாக்கப்பட்டு 1957-இல் வெளிவந்த ஆங்கிலப் படத்தில் அந்த மெட்டைச் சீழ்க்கையடித்தபடி கைதிகள் நடந்து வருவார்கள். அதன் பிறகு அதை அறியாத பிள்ளை இல்லை. இன்று மெலோடிக்கா, லைரா, ட்றம்பெட், சில இடங்களில் சக்ஸபோனும் உண்டு. எந்த மெட்டையும் வாசிக்கலாம் என்பதால் பெரும்பாலும் அந்த வருடம் ஓடிய தமிழ்ப் படத்தின் பாட்டையே வாசிக்கிறார்கள். பிள்ளைக்குத் தெரிந்த மெட்டு என்பதால் விரைவில் கைவருகிறது, பார்ப்பவர்களும் கைதட்டுகிறார்கள். அதைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒரு பாடசாலைக்கென்று ஒரு மெட்டு இருந்து, மதிலுக்கு வெளியே நின்றே “இது இன்ன பள்ளிக்கூடத்துப் பாண்ட்” என்று அறிந்த வழக்கம்தான் போய்விட்டது.

அது போனதற்கு முக்கிய காரணம் பழக்குபவர் மாறியது. அன்று பாண்டைப் பழக்கியவர் பாடசாலையின் ஆள். உடற்பயிற்சி ஆசிரியராக இருப்பார், அல்லது தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் ஆசிரியராக இருப்பார். விளையாட்டுப் போட்டி முடிந்தாலும் அவர் அங்கேதான் இருப்பார். வகுப்பில் கணக்குப் பாடமும் அவரே எடுப்பார், பின்னேரம் மைதானத்திலும் அவரே நிற்பார். ஆறாம் வகுப்பில் சிம்பல் பிடித்த பெடியன் பன்னிரண்டாம் வகுப்பில் பாண்ட் தலைவனாகக் கோலைச் சுழற்றும்வரை ஒரே கண் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்று பல பாடசாலைகளில் வெளியிலிருந்து ஒரு பயிற்றுநர் வருகிறார். திறமைசாலி, வாத்திய அறிவில் அன்றைய ஆசிரியரைவிட ஒருபடி மேல் என்றே சொல்வேன். ஆனால் அவருக்கு ஒரே பருவத்தில் பல பாடசாலைகள். போட்டிக்கு முன் சில கிழமைகள் வருவார், பிறகு அடுத்த தைக்குத்தான். ஒருவரே பலருக்குப் பழக்குவதால் ஒரே மெட்டு, ஒரே வட்டம், ஒரே சிலுவை வடிவம் பல மைதானங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

போட்டி நடக்கும் பின்னேரத்தை எடுத்துக்கொள்வோம். அன்று இல்லங்கள் கிடுகாலும் பனையோலையாலும் கட்டப்பட்டன. தோரணம், குலைவாழை, வண்ணக் கடதாசி. பிள்ளைகளே முதல்நாள் இரவு தங்கியிருந்து கட்டுவார்கள். இன்று அச்சடித்த பனர்களும் றெஜிபோமில் வெட்டிய உருவங்களும் வந்துவிட்டன. கோட்டை, கப்பல், கோபுரம் என்று இல்லத்துக்கோர் உருவம் எழும்புகிறது. அன்று பிரதம விருந்தினர் மாவட்டத்தின் அரசாங்க அதிபராகவோ ஓய்வு பெற்ற அதிபராகவோ இருப்பார். இன்று விருந்தினர் வரிசை நீண்டுவிட்டது. வாசலிலிருந்து மேடைவரை அவர்களைக் கூட்டிவருவது பாண்டின் முதல் வேலை. கட்டடத் திறப்பு, பரிசளிப்பு, அமைச்சர் வருகை என்று ஆண்டு முழுவதும் அந்த வேலை தொடர்கிறது. தனக்காக வாசிப்பதைவிட வருபவர்களுக்காக வாசிக்கும் நாட்களே பாண்டுக்கு இப்போது அதிகம்.

இந்தப் பின்னேரத்தில் என் மனதை நிறைக்கும் மாற்றம் ஒன்று உண்டு. அன்று பெண்கள் பாடசாலைகளில் டிறில், வளையப் பயிற்சி, கும்மி, கோலாட்டம் எல்லாம் இருந்தன. உடுவில் மகளிர் கல்லூரி 1824-இல் தொடங்கியது. குடாநாட்டுப் பெண் கல்விக்கு அவ்வளவு நீண்ட வரலாறு உண்டு. ஆனாலும் பேஸ் ட்றம்மைத் தோளில் மாட்டி நடுமைதானத்தில் நிற்கும் ஒரு பெண்பிள்ளையைக் காண்பது அரிது. அது ஆண்பிள்ளைக்கான பாரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம். இன்று பெண்கள் கல்லூரிகளில் முழு பாண்டையும் பெண்பிள்ளைகளே நடத்துகிறார்கள். கலவன் பாடசாலைகளில் தலைமைக்கோல் பல தடவை பெண்ணின் கையில்தான். அன்றைய நேர்த்தியை நினைத்து ஏங்கும்போதெல்லாம், அந்த நேர்த்தி பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்தி வந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

பங்குனியில் கிரிக்கெட். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவானுக்கும் 1904-இல் தொடங்கிய ‘வடக்கின் பெரும் போர்’ இன்றும் கோட்டைக்கு அருகிலுள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் நடக்கிறது. அன்று சைக்கிளில் கொடி கட்டி ஊர்வலம் வந்தார்கள். இன்று தென்னிலங்கையின் பப்பரே வாத்தியமும் பைலாவும் பார்வையாளர் கொட்டகைக்கு வந்துவிட்டன, ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருந்தபடி பழைய மாணவர்கள் நேரலையில் பார்க்கிறார்கள்.

அன்றுக்கும் இன்றுக்கும் இடையில் ஒரு நீண்ட இடைவெளி கிடக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்தேவி நின்றது. 1956-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்டோபரில்தான். மின்சாரம் நின்றது. பற்றரியும் பெற்றோலும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அதைவிட, பிள்ளைகளைத் திறந்த வெளியில் கூட்டி நிறுத்துவதே பயமாயிற்று. 1995 செப்டெம்பர் 22-ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது விமானம் குண்டு வீசியதில் மாணவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 30-ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. சைக்கிளில் கட்டியது அரிசி, உடுப்பு, கிழவர், குழந்தை. ட்றம்மையும் பியூகிளையும் யார் தூக்குவார்? காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி போன்றவை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, 1990-இல் விட்ட தம் வளாகத்துக்கு 2016-இல்தான் திரும்பின. ஒரு தலைமுறை முழுவதும் சொந்த மைதானம் இல்லாமல், வேறு ஊரில், வேறு பாடசாலையின் பின்னேர வகுப்பறையில் படித்து முடித்து வெளியேறியது. மூத்தவனிடமிருந்து இளையவன் பழகும் தொடர் அங்கேதான் அறுந்தது. இன்றைய பயிற்றுநர் முறையைக் குறை சொல்லுமுன் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்த இருட்டுக் காலம் நடனத்துக்கு ஒன்றைத் தந்தது. நான் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. சைக்கிள் டைனமோவில் கம்பி பொருத்தி, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் பாட்டுக் கேட்ட நாட்கள் அவை. மேடையில் ஒலிப்பதிவை நம்ப முடியாது. ஆடவேண்டுமானால் ஒருவர் பாடியே ஆகவேண்டும், ஒருவர் மிருதங்கம் அடித்தே ஆகவேண்டும், ரீச்சர் தட்டுக்கழி பிடித்து ஜதி சொல்லியே ஆகவேண்டும். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் நடந்த பாடசாலை விழாக்களில் உயிருள்ள இசைக்குத்தான் பிள்ளைகள் ஆடினார்கள். கால் பிந்தினால் மிருதங்கம் காத்திருந்தது. பாட்டு முந்தினால் கால் எட்டிப் பிடித்தது. மின்சாரமும் சமாதானமும் வந்தபின் அந்த இடத்தைப் பென்டிரைவ் பிடித்துக்கொண்டது. இன்று வலயப் போட்டிக்குப் போகும் குழு யாரோ எங்கோ பதிவுசெய்த பாட்டுக்கு ஆடுகிறது. பதிவு பிழைக்காது, பிள்ளையின் காலுக்காகக் காத்திருக்கவும் செய்யாது. ஒரே பாடசாலையில் பாடும் பிள்ளையும் மிருதங்கம் பழகும் பிள்ளையும் ஆடும் பிள்ளையும் இருந்தும் மூவரும் ஒரே மேடையில் சந்திக்காமல் போவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

நடனம் பாடசாலைக்குள் வந்த வழி பாண்டின் வழியைவிடக் கடினமானது. கோயில் திருவிழாக்களில் பெண்கள் ஆடிய சின்னமேளத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார். நல்ல குடும்பத்துப் பெண் ஆடுவதில்லை என்ற எண்ணம் அதன்பின் நெடுங்காலம் நின்றது. ஆடிய பெண்களின் பேர் எங்கும் எழுதப்படவில்லை. பின்னர் 1936-இல் சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்திரத்தில் பயின்றவர்கள் திரும்பி வந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி ரயில் பிடித்தால் சென்னை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அது பழகிய பாதை. அப்படிப் போய்வந்தவர்களுள் இணுவில் வீரமணி ஐயரும் ஒருவர். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் கற்பித்தார், எண்ணற்ற கீர்த்தனைகளும் பாடசாலை மேடைக்கான நாட்டிய நாடகங்களும் எழுதினார், 2003-இல் மறைந்தார். கொக்குவிலில் ஏரம்பு சுப்பையா ஆண்களும் ஆடலாம் என்பதைத் தம் வாழ்வால் காட்டினார். 1931 முதல் வட இலங்கை சங்கீத சபை பரீட்சை நடத்தித் தரம் தரமாகச் சான்றிதழ் கொடுத்து வந்தது. மருதனார்மடத்தில் 1960-இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, 1975-இல் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. அன்று வாரத்தில் ஒருநாள் வரும் நடன ஆசிரியைக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இன்று நடனம் சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரத்துக்கும் ஒரு பாடம். பட்டம் பெற்ற ஆசிரியைகள் கிராமப் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். கடற்றொழிலாளியின் மகளும் தோட்டக்காரனின் மகளும் கட்டணமில்லாமல் அலாரிப்பு ஆடலாம். இதைவிடப் பெரிய ஆதாயத்தை இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவதில்லை.

இரண்டாம் தவணையில் தமிழ்மொழித் தினப் போட்டி வரும். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிகள். குழு நடனம், கிராமிய நடனம், நாட்டிய நாடகம், நாட்டுக்கூத்து எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. அன்று இரவு முழுவதும் ஆடிய கூத்து இன்று சில நிமிடங்களுக்குள் அடக்கப்படுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது தொடங்கிய பாதை இது. அவர் சுருக்கியிராவிட்டால் பாடசாலைப் பிள்ளைகள் கூத்தைக் கண்டே இருக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் நேரம் குறையக் குறைய வரவுத் தாளங்கள் விழுந்துபோகின்றன. பாத்திரம் வந்து ஆடித் தன்னை நிறுவ இடமில்லாமல் கதைக்குள் குதித்துவிடுகிறது. உடுப்பிலும் இதே அவசரம். அன்று தாயின் கூறைச்சேலையை மடித்துத் தைத்தார்கள். இன்று 2019-இல் தொடங்கிய பலாலி–சென்னை விமானத்தில் போய்வருபவர்கள் தைத்த உடுப்பும் ஆபரணமும் வாங்கி வருகிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வாடகைக்கு எடுக்கிறது.

ஆவணியில் நல்லூர்த் திருவிழா. இருபத்தைந்து நாள் நாதஸ்வரமும் தவிலும். 1975-இல் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்த தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். பாடசாலைக் குழுக்களுக்கு அது விடுமுறைக் காலம்.

ஓர் ஊர்வலத்தில் எந்த வாத்தியம் முன்னே போகிறது என்பது இந்த மண்ணில் சிறிய கேள்வி அல்ல. 2016 ஜூலை 16-ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பு ஊர்வலம் நடந்தது. வழக்கமான நாதஸ்வரம் தவிலோடு கண்டிய நடனமும் இடம்பெற வேண்டும் என்ற விடயத்தில் தமிழ், சிங்கள மாணவர்கள் மோதினார்கள், பலர் காயப்பட்டார்கள், பல்கலைக்கழகம் சில நாட்கள் மூடப்பட்டது. ஐம்பது வருடங்களுக்கு முன் ஆங்கிலேயர் நடையை ஒரு கேள்வியும் இல்லாமல் வாசித்த ஊர் இது. இடையில் நடந்தவற்றுக்குப் பிறகு எந்த மேளமும் வெறும் மேளமாக இருக்க முடியவில்லை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் மற்றவரின் தாளத்தைப் பழகியிருந்தால் அந்த நாள் வேறு விதமாகப் போயிருக்குமா என்று நினைப்பதுண்டு. ஆனால் பழகுவது அழைப்பின் பேரில் நடக்கவேண்டும், வற்புறுத்தலில் அல்ல.

புரட்டாதியில் வாணி விழா. இங்கே நடுவர் இல்லை, புள்ளி இல்லை. ஒன்பது நாளும் காலைப் பிரார்த்தனையில் எந்த வகுப்புப் பிள்ளையும் ஆடலாம். அன்றிலிருந்து இன்றுவரை குறைவாக மாறியது இதுதான். ஆடும் பிள்ளைகளின் முகத்தில் பயமில்லாத மேடையும் இதுதான். கிறிஸ்தவக் கல்லூரிகளில் மார்கழிக் கரோலோடு வருடம் முடிகிறது.

இனி எண்ணிக்கை. 1981 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2012-இல் ஆறு இலட்சத்துக்கும் குறைவு. போனவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். அவர்களின் பிள்ளைகள் ஸ்காபுரோவிலும் ஹரோவிலும் சலங்கை கட்டுகிறார்கள். இங்கே சிறிய பாடசாலைகளில் ஒரு முழு வரிசைக்கு ஆள் சேர்ப்பதே பாடு. இருக்கும் பிள்ளைகளின் பின்னேரத்தையும் ரியூஷன் எடுத்துக்கொண்டது. மைதானத்தில் இருட்டும்வரை நின்ற காலம் போய், நாலு மணிக்கு வகுப்பு என்று மூன்றரைக்கே ட்றம்மைக் கழற்றி வைக்கிறார்கள். கீழ் வகுப்புகளுக்கு வெள்ளி மாலையும் ஞாயிறும் தனியார் வகுப்பு வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லவேண்டிய நிலை வந்தது. இதற்கிடையில் 2022-இல் பாடசாலை ஆண்டே சித்திரைக்குத் தள்ளிப்போய், 2025-இல்தான் மீண்டும் தை மாதத்துக்கு வந்துசேர்ந்தது. இடையில் சில பாடசாலைகள் கொதிக்கும் வெயிலில் விளையாட்டுப் போட்டி நடத்தின.

வாத்தியத்துக்கு இப்போது குறைவில்லை. வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் ட்றம்மும் ட்றம்பெட்டும் சீருடையும் அனுப்புகின்றன. கையளிக்கும் படம் பத்திரிகையில் வருகிறது. அவர்களின் அன்பை நான் மதிக்கிறேன். தாம் வெயிலில் காயவைத்த ட்றம்மை நினைத்தே அனுப்புகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு ட்றம்பெட்டின் விலையைக் குறைத்துக்கொண்டு, அதே பாடசாலையில் வருடம் முழுவதும் நின்று பழக்கக்கூடிய ஒருவரின் சம்பளத்தில் பங்கெடுங்கள். வாணி விழாவுக்கு மிருதங்கம் வாசிக்கும் பிள்ளைக்கும் பாடும் பிள்ளைக்கும் ஒரு சிறு உதவித்தொகை வையுங்கள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் போகும் நடனக் குழு தன் சொந்தப் பாடகியோடு போனால் அதன் பயணச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அதிபர்மாரோடு பேசி, கிழமையில் இரண்டு பின்னேரங்களையாவது மைதானத்துக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் சிம்பல் பிடிக்கும் பிள்ளைக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.